மாமாவும் மேடவாக்கம் பாலமும்

கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் எட்டு கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் அரை மணி. மாமனாரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறவனுக்கு அது ரொம்பக் குறைச்சலான தூரம்.

என் மாமனார் எம்.ஜி.ஆர். பக்தர். நான் கலைஞர் கட்சி. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வீட்டாரும் ஜாதகம் பார்த்தார்கள். இதைப் பார்க்கத் தவறிவிட்டார்கள். பத்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்களுக்குள் சட்டசபை கூடும். "மாப்பிள்ளை, நீங்க சொல்றது சுத்தப் பொய். இன்னொரு வடை வெச்சுக்குங்க" என்பார். மரியாதைக்கும் வடைக்கும் ஒருநாளும் குறை வந்ததில்லை.

போன மாதம் நான்தான் கெடுத்தேன். மேடவாக்கம் மேம்பாலத்தில் ஆரம்பித்தது வினை. அ.தி.மு.க. ஆட்சியில் வேலை தொடங்கி, 2022-ல் தி.மு.க. ஆட்சியில் முழுசாகத் திறந்த பாலம்.

"ஆரம்பிச்சது யாரு?" என்றார் மாமா.

"முடிச்சது யாரு?" என்றேன் நான்.

சூட்டில், "சினிமாவைப் பார்த்து ஓட்டுப் போட்ட கூட்டம்தானே மாமா நீங்க!" என்று சொல்லிவிட்டேன். மாமா பதில் பேசவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். அடுத்த மூன்று ஞாயிறும் அவரிடமிருந்து போன் இல்லை. அவருக்கும் சேர்த்து என் மனைவி பேசினாள்.

ஆகவே இந்தப் பயணம். கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று பஸ் உறுமிக்கொண்டே போனது. கண்டக்டர், "காமராஜபுரம் எறங்கு!" என்றார். நம்ம ஊரில் தலைவர்கள் கடைசியில் பஸ் ஸ்டாப்பாகி விடுகிறார்கள். அங்கே எல்லாக் கட்சிக்காரர்களும் இறங்குகிறார்கள். அடுத்தாற்போல் சந்தோஷபுரம் வந்தது. எனக்குத்தான் வரவில்லை.

மாமா மேடவாக்கத்தில் மனை வாங்கிய காலத்தில் ராத்திரியானால் தவளைச் சத்தம்தானாம். இப்போது இருபத்துநாலு மணி நேரமும் ஹாரன். தாம்பரம், வேளச்சேரி, சோழிங்கநல்லூர், மாம்பாக்கம் என்று நாலா திசை வண்டிகளும் வந்து முட்டிக்கொள்ளும் இடம். போதாக்குறைக்கு மெட்ரோ வேலை வேறு. தலைக்கு மேலே பாலத்தில் வண்டிகள் சல்லென்று போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கு யார் ஆரம்பித்தது, யார் முடித்தது என்ற கவலை இருப்பதாகத் தெரியவில்லை.

மாமா வாசலிலேயே இருந்தார். "வாங்க மாப்பிள்ளை." அதே மரியாதை. கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

"தப்பாப் பேசிட்டேன் மாமா..."

உட்காரச் சொன்னார். சுவரில் மாலை போட்டிருந்த போட்டோவைக் காட்டினார். அவருடைய அக்கா. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டவர்.

"மச்சான் செத்தப்ப அக்காவுக்கு முப்பது வயசு. ரெண்டு குழந்தைங்க. 1982-ல எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டாந்தாரு. புருஷனை இழந்தவங்க, ஆதரவில்லாத பொம்பளைங்களுக்கு அதுல வேலை கெடைச்சுது. அக்கா ஆயாவா சேர்ந்துச்சு. யார் வீட்டு வாசல்லயும் நிக்காம ரெண்டையும் ஆளாக்குச்சு. மாப்பிள்ளை, நான் சினிமா பார்த்தது நிஜம். ஓட்டுப் போட்டது அக்காவைப் பார்த்து."

பத்து வருஷம் வாதாடியிருக்கிறேன். ஏன் மாமா அவரைப் பிடிக்கும் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அப்படியும் நாக்கு சும்மா இருக்குமா? "ஆனா மாமா, மதிய உணவு 1956-லயே காமராஜர் கொண்டுவந்தது..."

மாமா சிரித்துவிட்டார். "நான் இல்லேன்னேனா? 1989-ல முட்டை போட்டது உங்க கலைஞர். 2022-ல காலைச் சாப்பாடு குடுத்தது ஸ்டாலின். அதையும் ஒத்துக்கறேன். ராஜாஜியோட கல்வித் திட்டத்தை பெரியார் எப்படி எதிர்த்தாரு! 1967-ல இவர் காங்கிரஸுக்குக் கேட்டாரு, அவர் தி.மு.க.வோட நின்னாரு. கடைசி வரைக்கும் ஒத்துப்போகலை. ஆனா 1972 டிசம்பர்ல ராஜாஜி போனப்ப, மயானத்துக்கே வந்து அழுதவர் பெரியார். திட்டத்தைத் திட்டுங்க, தலைவரையும் திட்டுங்க. நம்பினவனை முட்டாள்னு சொல்லாதீங்க."

என் ஓட்டு மாறவில்லை. அவருடையதும் மாறாது. ஆனால் இனிமேல் என் பேச்சில் 'உங்க கூட்டம்' என்ற வார்த்தை வராது.

பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தார். "பாலம் யாருதுன்னு அடுத்த ஞாயிறு பார்த்துக்கலாம்" என்றார்.

"வடை உண்டா மாமா?"

"தோக்கறதா இருந்தா ரெண்டு."