யூனிட் கணக்கு தெரிந்தவன்

மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்று எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து விளக்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவன், கூடாரம் போட்டுத் தங்கும்போது வெயிலில் சார்ஜ் ஏற்றிக்கொள்ள பவர் ஸ்டேஷன் என்கிற பேட்டரிப் பெட்டி ஒன்று வாங்கப் போய், அட்டைமேல் பெரிதாகப் போட்டிருந்த 500 வாட்டை மட்டும் பார்த்து வாங்கினேன். அது என் பணம், போகட்டும். நண்பர்களையும் அதையே வாங்க வைத்தேன். அவர்களில் ஒருவருடைய பெட்டியை என் கையாலேயே கெடுத்துவிட்டு, பழியை அதைச் செய்த கம்பெனிமேல் போட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு வானம் பார்க்கும் பைத்தியம். அமாவாசையை ஒட்டி ஜவ்வாது மலைக்குப் போவோம். காவலூர் வைணு பாப்பு வான் ஆய்வகத்தில் 1986இல் 2.3 மீட்டர் தொலைநோக்கியை வைத்தார்களே, அதே மலை. நல்ல இருட்டு. தெரிந்தவர் நிலத்தில் கூடாரம் அடிப்போம். கரண்ட் கம்பி அந்தப் பக்கம் வராது. தொலைநோக்கியை நட்சத்திரத்தின் பின்னாலேயே திருப்பும் மவுன்ட், லென்சில் பனி படியாமல் சூடு வைக்கும் பட்டை, படம் சேமிக்கும் லேப்டாப் எல்லாம் விடிய விடிய ஓட வேண்டும். "சார், நீங்க ஈபில இருந்தவரு. எந்தப் பெட்டி வாங்கலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றார்கள். படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஐந்நூறு வாட் தாராளம். கண்ணை மூடிட்டு வாங்குங்க" என்றேன்.

500 வாட் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு பாரம் இழுக்கும் என்பது. எத்தனை நேரம் இழுக்கும் என்பதற்கு வாட் ஹவர் பார்க்க வேண்டும். அந்தப் பெட்டியில் 80,000 எம்ஏஹெச் என்று போட்டிருந்தார்கள். உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 296 வாட் ஹவர். ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. காலமெல்லாம் யூனிட் எழுதிய எனக்கு இந்தப் பெருக்கல் தோன்றவில்லை. போதாததற்கு, 12 வோல்ட் மவுன்ட்டையும் மூன்று பின் சாக்கெட்டிலேயே செருகினேன். பெட்டி அதை 230 வோல்ட் ஆக்க, அடாப்டர் மறுபடி 12 ஆக்க, இரண்டு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் சூடாகவே வீணாகும். பக்கத்திலேயே 12 வோல்ட் சாக்கெட் சும்மா இருந்தது. எல்லாம் சேர்ந்து 80 வாட் இழுக்க, எட்டு மணிக்கு ஓட ஆரம்பித்த பெட்டி பதினோரு மணிக்குப் படுத்துவிட்டது. ஓரியன் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம். "குளிர்ல பேட்டரி இப்படித்தான் பண்ணும்" என்று சமாளித்தேன். நம்பினார்கள்.

சோலார் பேனல் கதையும் இதேதான். 100 வாட் என்பது, செல்லின் சூடு 25 டிகிரியில் இருக்கும்போது அளந்த எண். நம் ஊர் வெயிலில் அது 60 டிகிரிக்குப் போகும்; கூடுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். மற்ற இழப்புகளும் சேர்ந்து, கடைசியில் 65, 70 வாட் வந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதான். மூலையில் ஒரு கிளையின் நிழல் விழுந்தால் அதுவும் போச்சு.

வேகமாக ஏறட்டுமே என்று ஒரு நாள் நண்பருடைய பெட்டிக்கு இரண்டு பேனலைச் சேர்த்துக் கொடுத்தேன். பேரலலில் சேர்க்க ஒய் கேபிள் வேண்டும், கையில் இல்லை. சீரிஸில் சேர்க்க எதுவும் வேண்டாம், ஒன்றின் பிளஸ்ஸை இன்னொன்றின் மைனஸில் செருகினால் முடிந்தது. செருகினேன். பேனல் முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் 22 என்று இருந்தது. சீரிஸில் இரண்டும் சேர்ந்தால் 44. பெட்டியில் சார்ஜ் துளைக்கு மேலே எறும்பு சைஸ் எழுத்தில் 12-28 வோல்ட் என்று இருந்தது. திரையில் இன்புட் 0 என்று நின்றது. ஒரு பேனலைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். அப்போதும் 0. அவர் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் இரண்டாவது பேனலை மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பையும் இழுத்துவிட்டேன்.

"என்னமோ ஏறல சார். மட்டமான சரக்கு போல" என்றேன். சர்வீஸ் சென்டரில் அதிக வோல்டேஜ் போயிருக்கிறது, வாரன்டி கிடையாது என்று சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி. அவர் என்னிடம் வந்து புலம்பியபோது நானும் சேர்ந்து அவர்களைத் திட்டினேன். வேறு பெட்டி வாங்கித் தர என்னிடம் பணம் இல்லாமல் இல்லை. கொடுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே, அந்த வாய்தான் வரவில்லை. இதை அச்சில் படிப்பதற்கு முன்பே அவர் கைக்குப் பணமும் காரணமும் போய்ச் சேர்ந்திருக்கும்.

எங்கள் 80 வாட் பாரத்துக்கு, எட்டு மணி நேரத்துக்கு 640 வாட் ஹவர். வீணாவதையும் சேர்த்தால் 800க்குக் குறையாத பெட்டி வேண்டும், அதைப் பகலில் நிரப்ப 200 வாட்டுக்குக் குறையாத பேனல் வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியாக இருந்தால் கனம் கொஞ்சம் கூடும், ஆயுசும் கூடும். பேனலின் வோல்டேஜும் பெட்டி தாங்கும் வோல்டேஜும் ஒத்துப்போகிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள். யாராவது வாட்டை மட்டும் சொல்லி வாங்கச் சொன்னால், அவர் ஈபியிலேயே இருந்தவராக இருந்தாலும், வாட் ஹவர் எவ்வளவு என்று கேளுங்கள்.