ஆறு வயதுக்கு முன்

அத்திப்பட்டிலிருந்து தாய்மார் பலர் நாள்தோறும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு இரயிலேறுகின்றனர். அவர்தம் மழலையர்க்கு அங்கன்வாடியும் குழந்தைகள் காப்பகமுமே பகற்பொழுதின் இல்லம்.

எம் உறவினர் மகன் செவிக்கருவி அணிந்தவன். மூன்று வயதில் அவனை ஒரு காப்பகம் ஏற்கவில்லை. “பேச்சு வரட்டும், பிறகு பார்ப்போம்” என்றனர். பேச்சு வருவதற்கன்றோ அவன் பிள்ளைகள் நடுவே இருத்தல் வேண்டும்!

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இலவசக் கல்வியுரிமையை 6 முதல் 18 வயது வரை வழங்குகின்றது. மூளை மிக விரைந்து வளர்வதோ அதற்கு முந்தைய ஆண்டுகளில்! அவ்விடைவெளியை உணர்ந்தே, 2023 நவம்பரில் நடுவண் அரசு மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென அங்கன்வாடி நெறிமுறையை வெளியிட்டது. குறையைத் தொடக்கத்திலேயே கண்டறிதல், குடும்பத்திற்கு வலுவூட்டிக் குழந்தையைப் பிறரோடு சேர்த்தல், மருத்துவக் குழுவின் துணையைத் தொடர்ந்து பெற்றுத்தருதல் ஆகிய மூன்றும் அதன் படிகள்.

நெறிமுறை தாளில் உறங்கலாகாது. உடன் விளையாடும் பிள்ளைக்கும் இதனால் ஆதாயமுண்டு. வேற்றுமையை அஞ்சாத உள்ளம் அவ்வயதிலேயே முளைக்கின்றது.

மாணவச் செல்வங்களே! பெரியோர்களே! நும் தெரு அங்கன்வாடிக்குச் சென்றால், வந்திருக்கும் பிள்ளைகளை எண்ணுவதோடு நில்லாது, வாராத பிள்ளை யாரென்றும் வினவுங்கள்.