காவல் மிகுந்த கோட்டை

2020ஆம் ஆண்டில் கபசுரக் குடிநீர் தெருத்தெருவாக வழங்கப்பட்ட நாள்முதல், ‘எதிர்ப்புச் சக்தி’ என்னும் சொல் நம் இல்லங்களில் குடியேறிவிட்டது. அது கூடக் கூட நல்லது என்பதே பலருடைய எண்ணம். ஆதலால், என் தங்கை மகளுக்குக் குரோன் நோய் என்று கண்டறிந்த மருத்துவர், எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்து தேவை என்றபோது தங்கை திகைத்துப் போனாள். “எலும்பும் தோலுமாய்க் கிடக்கிற பிள்ளை அண்ணா! இருக்கிற சக்தியையும் குறைக்கச் சொல்கிறார்களே?” என்றாள்.

நியாயமான கேள்வி. செஞ்சிக் கோட்டையைக் காட்டித்தான் அதற்கு விடை சொன்னேன்; எங்கள் ஊரில் எதற்கும் அதுதானே உவமை! இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்த அக்கோட்டையை முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டே பிடிக்க முடிந்தது. எத்துணை வலிய மதிலாயினும் நெல் உள்ளே வந்தாக வேண்டும். இல்லையேல் களஞ்சியம் எதற்கு? வண்டிக்காரனையும் பகைவனென்று வெட்டும் காவலனால் உள்ளே பட்டினிதான் மிஞ்சும்.

குடலின் நிலையும் இதுவே. உண்ட உணவையும் கோடானுகோடி நுண்ணுயிர்களையும் நம் உடலினின்று பிரிப்பவை ஒரே அடுக்கு உயிரணுக்களும் அவற்றின்மேல் படர்ந்த சளிப்படலமுமே. அதனாலேயே தடுப்பணுக்களில் பெரும்பகுதி அங்குக் குழுமியுள்ளன. அவற்றின் தலையாய திறமை போரிடுவதன்று, பொறுத்துக்கொள்வது. மற்றவற்றை அடக்கிவைக்கவென்றே ஒருவகை டி அணுக்கள் உண்டு. 1995இல் அவற்றை அடையாளம் காட்டிய ஜப்பானியர் சிமோன் சகாகுச்சிக்கும், மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இவ்வணுக்களுக்குரிய மரபணு பழுதுபட்டுப் பிறக்கும் ஆண் குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே கடும் வயிற்றுப்போக்கு வாட்டுகிறது. குரோன் நோய்க்கு இப்படி ஒற்றைக் காரணம் இல்லை; பிறவிக் கூறு, நுண்ணுயிர்களின் மாற்றம், புகைபிடித்தல் எனப் பல சேர்கின்றன. ஆனால் உடன்வாழ வேண்டியவற்றைப் பகையென்று கருதித் தடுப்பணுக்கள் ஓயாது போரிட, குடற்சுவர் புண்ணாகிறது.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. காசநோய் குடலைத் தாக்கினாலும் ஏறக்குறைய இதே தோற்றந்தான். திசுச் சோதனையிலும் பிரித்தறிதல் கடினம். ஆதலால் முதலில் காசநோய் மருந்து கொடுத்துப் பார்ப்பது இங்கே வழக்கம். எங்கள் பிள்ளையும் மாதக்கணக்கில் விழுங்கினாள், புண் ஆறவில்லை. 1998இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்ற இன்ஃப்ளிக்சிமாப், டி.என்.எஃப். என்னும் அழற்சிப் பொருளை முடக்குகிறது. அதே பொருள்தான், உறங்கும் காசநோய்க் கிருமிகளைச் சுற்றி உடல் எழுப்பிய மதிலையும் காத்து நிற்கிறது! மதில் தளர்ந்தால் கிருமி விழித்துக்கொள்ளும். என் தங்கையின் அச்சத்தை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

12 ஆண்டுகள் இரத்தப்போக்கால் வருந்திய பெண், மருத்துவர் பலரிடம் கைப்பொருளையெல்லாம் செலவழித்ததை மாற்கு நற்செய்தியில் வாசிக்கிறோம். செலவு புரிகிறது. வெளியே சொல்ல நாணும் நோயோடு கூட்டத்துக்குள் நுழைந்தாளே, அத்துணிவை நாம் எண்ணுவதில்லை. இப்பிள்ளை திருப்பலியில் கடைசி வரிசையில் கதவோரம் அமர்கிறாள். பக்தி குறைவென்று ஒரு பெரியவர் கடிந்துகொண்டார். கழிப்பறைக்கு எவ்வளவு தொலைவு என்று கணக்கிட்டே அவள் இடம் தேடுகிறாள் என்பதை அவருக்கு யார் சொல்வது? நோயாளிகளுக்குத் திருச்சபையே நோன்பிலிருந்து விலக்களித்திருக்க, “தவக்காலத்திலும் சாப்பிடுகிறாயா?” என்று கேட்டவர்களும் உண்டு.

மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும் முடிந்து, மறைந்திருக்கும் கிருமி இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகே தங்கை இசைந்தாள். மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிய இரண்டு மணி நேரமும் செபமாலையும் கையுமாக இருந்தாள். பிள்ளையோ உறங்கிவிட்டாள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.