அழிந்த படம் திரும்பி வருமா?

இடம்பெயரும்போது அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், நாலைந்து புகைப்படங்கள் என்பவற்றைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு ஓடியவர்கள் உங்களில் பலர். இன்று அவற்றின் பிரதிகளைக் கைத்தொலைபேசியின் மெமரி காட்டில் வைத்திருக்கிறோம். அது அழிந்துபோனால் என்ன செய்வது?

கரவனெல்ல பகுதியில் நான் பணிபுரியும் றப்பர் தோட்டமொன்றில் ஒரு சகோதரி இருக்கிறார். 1977 வன்செயலுக்குப் பின் அவரது பெற்றோர் இங்கிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறினார்கள். அவர் பிறந்து வளர்ந்து மணம் முடித்தது கிளிநொச்சியில். 2009இல் கணவர் காணாமல் போனார். மெனிக் பாம் முகாமிலிருந்து வெளிவந்தவர், பிள்ளைகளோடு இங்கே மாமன் வீட்டு லயத்துக்கு வந்து சேர்ந்தார். கையில் மிஞ்சிய கணவரின் ஒரே படமும் 2016 மே மாத மழையில் ஊறிப் பாழானது. அதற்கு முன்பே மகள் அதைத் தொலைபேசியில் பிடித்து வைத்திருந்தாள். அந்த மெமரி காட்டை வீட்டுச் சிறுவன் ஒருவன் விளையாட்டாகப் போமட் செய்துவிட்டான்.

"காணாம போனவங்க ஆபிசுக்குக் குடுக்க வச்சிருந்த படம் மிஸ். அவரு மொகம் அதுல மட்டுந்தான் இருந்துச்சு" என்று அழுதார்.

தொலைபேசியை உடனே நிறுத்தி, காட்டைக் கழற்றச் சொன்னேன். காரணம் இதுதான். மெமரி காட்டை ஒரு புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகப் போமட் செய்யும்போது அதன் பொருளடக்கம்தான் போகிறது. உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும். அதே காட்டில் புதிதாகப் படமோ பாட்டோ பதிந்தால் பழைய பக்கத்தின்மேல் எழுதியதாகிவிடும். பிறகு யாராலும் மீட்க முடியாது.

ருவன்வெல்ல நகரில் ஒரு கணினிக் கடைக்குப் போனோம். கடைக்காரத் தம்பி 'போட்டோரெக்' என்ற இலவச மென்பொருளைப் போட்டார். அது பக்கம் பக்கமாகத் தேடிப் படங்களை எடுக்கும். பழைய பெயர்கள் இராது. நூற்றுக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கடையில் நம் வீட்டுப் படம் எல்லாம் தெரியும் என்பதால் நாங்கள் பக்கத்திலேயே இருந்தோம். மீட்டவற்றைத் தம் காட்டில் ஏற்றாமல் புதிய பென்டிரைவில் வாங்கி, கடைக் கணினியில் இருந்த பிரதியை எங்கள் முன்னால் அழிக்கச் சொன்னோம். பெண்கள் இதைக் கேட்கத் தயங்கக் கூடாது.

மாலையில் அந்த முகம் கிடைத்தது. ஓரம் சற்றுச் சிதைந்திருந்தது, முகம் தெளிவு.

எல்லோருக்கும் இப்படிக் கிடைக்காது. தொலைபேசியின் உள் நினைவகத்தில் இருந்து அழிந்ததை மீட்பது மிகக் கடினம். ஆனால் பல தொலைபேசிகளில் அழித்த படம் சில வாரம் குப்பைத் தொட்டிப் பகுதியில் இருக்கும். முதலில் அங்கே பாருங்கள். நனைந்த தொலைபேசியை இயக்கிப் பார்க்காதீர்கள், சார்ஜில் போடாதீர்கள்.

பிரதி இல்லையென்றால் பெரிய இடத்திலும் இதே கதிதான். 2023இல் இணையத் தாக்குதலுக்கு உள்ளான இலங்கை அரச மின்னஞ்சல் சேவையில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் இழக்கப்பட்டன. அந்நாட்களுக்குப் பிரதி இருக்கவில்லை.

சகோதரிகளே, முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் இந்த வாரமே பென்டிரைவ் ஒன்றில் ஏற்றி, நம்பிக்கையான உறவினர் வீட்டில் வையுங்கள். ஒரு படத்தையாவது அச்சிட்டு வையுங்கள். நாளைக்கு ஓர் அலுவலகப் படியேறும்போது நம் கையில் இருக்க வேண்டிய சாட்சி அது.