அரைச் சொகுசு

கல்முனைக்கும் கொழும்புக்கும் இடையே இரவு பஸ்ஸில் போய்வந்து பழகிய எங்கள் கரையோரத்து மக்களிடம் 'அரைச் சொகுசு' என்று சொன்னால் முதலில் ஒரு புன்னகைதான் பதிலாக வரும்; சாதாரணக் கட்டணத்தைப்போல் ஒன்றரை மடங்கு வாங்கிக்கொண்டு, சாதாரண பஸ்ஸில் இல்லாத எதை அந்த வண்டி கொடுக்கிறது என்று ஆராயப் புகுந்தவர்கள், ஜன்னலில் தொங்கும் திரைச்சீலையைத் தவிர வேறொன்றையும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. அந்த அனுபவத்தில் ஊறிப்போன ஒருவனிடம், லண்டனில் இருக்கும் மகன், "வாப்பா, இந்த முறை உங்களுக்கும் உம்மாவுக்கும் பிரீமியம் எக்கொனமியில சீட் போடுறன்" என்று தொலைபேசியில் சொன்னால், ஆகாயத்திலும் ஓர் அரைச் சொகுசா என்ற ஐயம் எழுவது இயல்பே. சாய்ந்தமருதில் ஓய்வுபெற்ற ஆசிரியனாகக் காலம் கழிக்கும் எனக்கு அவகாசத்துக்குப் பஞ்சமில்லை ஆதலால், விமான நிறுவனங்கள் வெளியிடும் ஆசன வரைபடங்களையும் அளவுகளையும் ஒரு பென்சிலோடு உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன்.

இந்த இடைநிலை வகுப்பு பிறந்த கதை ரசமானது. விமானப் பிரயாணம் பிரபுக்களுக்கே உரியதாயிருந்த நிலை மாறி, 1952இல் அத்திலாந்திக் மார்க்கத்தில் மலிவான சுற்றுலா வகுப்பும், 1958இல் அதனினும் மலிவான எக்கொனமி வகுப்பும் வந்தன. பின்னர் சலுகைக் கட்டணங்கள் பெருகப் பெருக, முழுக் கட்டணம் செலுத்திய வியாபாரப் பிரயாணிகள், பாதி விலைக்கு வந்தவர்களோடு தோளுரசி உட்கார வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுக்க, 1970களின் இறுதியில் அவர்களுக்கென்று பிஸ்னஸ் வகுப்பு உருவாயிற்று. ஆகவே இன்று கட்டில் விரித்துப் படுக்கவைக்கும் அந்தப் பிஸ்னஸ் வகுப்பும் ஒரு காலத்தில் இடைநிலை வகுப்பாகத்தான் இருந்தது. நடுவிலிருந்தது மேலே ஏறிப்போனபோது நடுவிடம் காலியாயிற்று. அதை நிரப்ப வந்ததே பிரீமியம் எக்கொனமி. 1990களின் தொடக்கத்தில் தாய்வானின் ஈ.வி.ஏ. நிறுவனமும் பிரித்தானியாவின் வேர்ஜின் அட்லாண்டிக்கும் இதை ஆரம்பித்தன. பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் தன் பிஸ்னஸ் ஆசனத்தை முழுமையாகத் தட்டையாகும் படுக்கையாக்கிய அதே 2000ஆம் ஆண்டில்தான் இந்த நடு வகுப்பையும் நிறுவியது என்பதைப் பார்க்கும்போது, காரணகாரிய சம்பந்தம் கண்ணாடியில் தெரிகிறாற்போல் தெரிகிறது. குவாண்டாஸ் 2008இலும், சிங்கப்பூர் எயார்லைன்ஸ் 2015இலும், எமிரேட்ஸ் 2022இலும் அந்த வழியில் வந்து சேர்ந்தன. எங்கள் ஸ்ரீலங்கன் விமானங்களிலோ, கத்தார் எயார்வேய்ஸிலோ இந்த வகுப்பு இல்லை. அங்கே ஒன்றில் மேலே உட்காரலாம், அல்லது கீழே உட்காரலாம்.

திரைச்சீலை விவகாரம் பஸ்ஸோடு முடிந்துவிடுவதில்லை என்பதையும் இந்த ஆராய்ச்சியில் அறிந்துகொண்டேன். ஐரோப்பாவுக்குள் பறக்கும் குறுந்தூர விமானங்கள் பலவற்றில் பிஸ்னஸ் வகுப்பு என்பது, எக்கொனமி ஆசனங்களையே நடுவில் ஒன்று காலியாக விட்டுக் கொடுத்து, பின்னால் ஒரு திரையை இழுத்துவிடுவதுதான். அன்றைக்கு எத்தனை பேர் பணம் கட்டினார்களோ அதற்கேற்ப அந்தத் திரை முன்னும் பின்னும் நகரும். கோட்டும் டையும் அணிந்த கனவான்களும் எங்கள் அரைச் சொகுசில்தான் போகிறார்கள் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

பிரீமியம் எக்கொனமி அந்த ஜாதியைச் சேர்ந்ததன்று என்பதை அளவுகள் காட்டுகின்றன. ஓர் ஆசனத்தின் ஒரு புள்ளியிலிருந்து முன்னாசனத்தின் அதே புள்ளிவரை உள்ள தூரம் எக்கொனமியில் பெரும்பாலும் 31 அல்லது 32 அங்குலம். பிரீமியத்தில் 38 முதல் 40 வரை. ஏ380 போன்ற பெரிய விமானத்தில் கீழ்த்தளத்தில் குறுக்கே பத்துப் பேர் உட்காரும் அகலத்தில் இங்கே எட்டுப் பேர், இரண்டு, நான்கு, இரண்டு என்ற கணக்கில் உட்காருகிறார்கள். 31க்கு 38, எட்டுக்குப் பத்து என்ற இரண்டு விகிதங்களையும் பெருக்கினால், ஒருவருக்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று வருகிறது. பஸ்காரர் ஒன்றரை மடங்கு காசு வாங்கி இடத்தைக் கூட்டுவதில்லை. விமானக்காரர் ஒன்றரை மடங்கு இடம் கொடுத்து இரண்டு மடங்குக்கும் மேலே காசு வாங்கும் நாட்களும் உண்டு. இந்த இடத்திலே இன்னொரு சூட்சுமத்தையும் கவனிக்க வேண்டும். எக்கொனமியில் ஐந்தாறு அங்குலம் சாயும் ஆசனம் இங்கே எட்டு அங்குலம்வரை சாயும். நமக்குச் சாய்வது போலவே நமக்கு முன்னால் இருப்பவருக்கும் சாயும். கூடுதலாகக் கிடைத்த ஏழு அங்குலத்தில் இரண்டு மூன்றை அவர் எடுத்துக்கொண்டால் மீதி நாலைந்துதான் நம்முடையது. அந்த நாலைந்து அங்குலத்தை வாங்குவதா வேண்டாமா என்பதே கேள்வி.

விளம்பரங்களில் காட்டப்படும் பிரயாணி வீட்டு வாசலிலிருந்து நேரே விமானப் படிக்கட்டுக்கு வந்துவிட்டவரைப்போல மலர்ந்த முகத்தோடு இருக்கிறார். எங்கள் ஊர்ப் பிரயாணியின் நிலை அதுவன்று. இஷாத் தொழுதுவிட்டு, அயலவர் எல்லோரும் வாசலில் கூடி ஸலாம் சொல்லி வழியனுப்ப, பேரப்பிள்ளைகளுக்கென்று கட்டிய தொதலும் கருவாடும் மருதமுனைச் சாரன்களும் பின்னால் அடைக்கப்பட்ட வேனில் ஏறினால், அம்பாறை கடந்து, மகியங்கனை கடந்து, பதினெட்டு வளைவில் வயிறு புரள மலையேறி, கண்டி வழியாகக் கட்டுநாயக்காவை அடைவதற்குள் இரவு போய்விடும். அதன் பின்பு வரிசைகள், பரிசோதனைகள், காத்திருப்பு. விமானத்தில் ஆசனப் பட்டியை மாட்டும்போதே எங்கள் முழங்கால்கள் பாதிப் பிரயாணத்தைச் செய்து முடித்தவை. அறுபதைத் தாண்டியவரின் முழங்காலுக்கு நாலைந்து அங்குலம் என்பது அந்தஸ்தைச் சேர்ந்த விஷயமன்று, வைத்தியத்தைச் சேர்ந்த விஷயம்.

வைத்தியம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீண்டநேரம் அசையாமல் இருப்பவரின் காலில் இரத்தம் கட்டியாகி நுரையீரலுக்குச் செல்லும் ஆபத்தை 'எக்கொனமி வகுப்பு நோய்' என்று பெயரிட்டு அழைக்கும் வழக்கம் 1970களிலிருந்து உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வறிக்கையோ, நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பிரயாணத்தில் இந்த ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது, ஆயினும் ஆறாயிரம் பேரில் ஒருவர் என்ற அளவிலேயே நிற்கிறது என்றும், குற்றம் வகுப்பின்மேல் அல்ல, அசையாதிருத்தலின்மேல் என்றும், பஸ்ஸிலும் ரயிலிலும் காரிலும் போகிறவருக்கும் இது பொருந்தும் என்றும் கூறுகிறது. மிக உயரமானவர்களைப் போலவே, 1.6 மீற்றருக்குக் குறைந்த உயரமுடையவர்களுக்கும் ஆபத்து சற்று அதிகம் என்பது அதிலுள்ள இன்னொரு செய்தி. என் மனைவி இந்த இரண்டாவது வகுப்பினர். கால் தரையில் எட்டாதவருக்கு ஆசன விளிம்பு தொடையை அழுத்தும் என்பதை அறிய அறிக்கை வேண்டியதில்லை. பிரீமியம் ஆசனத்தில் காலை ஏந்த ஒரு தாங்கி இருக்கிறதே, அதன் அருமை குள்ளமானவருக்கே தெரியும்.

பெரும்பாலான ஆசன ஆலோசகர்கள் பேசாத ஒரு விஷயம் தொழுகை. பிரயாணத்தில் சுருக்கியும் சேர்த்தும் தொழ அனுமதி உண்டு. நின்று தொழ இடமில்லாதபோது உட்கார்ந்தே தொழலாம். ஆனால் 31 அங்குல இடைவெளியில், முன்னாசனக்காரர் சாய்ந்து உறங்கும் வேளையில், ருகூஉக்குக் குனிந்தால் தொப்பி முன்னாலுள்ள திரையில் இடிக்கும். ஸுஜூதுக்கு அதைவிடத் தாழ்ந்து குனிய வேண்டுமே, அதற்கு எங்கே போவது? கழுத்தை மட்டும் ஒருமுறை சற்றும், மறுமுறை இன்னும் சற்றும் வளைத்து வித்தியாசம் காட்ட வேண்டியிருக்கிறது. பக்கத்திலிருப்பவர், இந்தக் கிழவருக்கு என்ன நேர்ந்தது என்று திரும்பிப் பார்ப்பார். பிரீமியத்தில் அந்த மீதி நாலைந்து அங்குலம், குனிதலைக் குனிதலாகவே வைத்திருக்கப் போதுமானது. வுழூவுக்குத்தான் எந்த வகுப்பிலும் விமோசனமில்லை: தொட்டவுடன் நின்றுவிடும் குழாயடியில், கைப்பிடிக்குள் அடங்கும் தொட்டியில் காலை ஏற்றும் வித்தையை எந்த நிறுவனமும் இலகுவாக்கித் தரவில்லை.

வகுப்பைத் தீர்மானித்த பின்பு எந்த ஆசனம் என்ற பிரச்சினை வருகிறது. தம்பதியாய்ப் போகிறவர்களுக்கு இந்த வகுப்பின் மிகச் சிறந்த அம்சம், என் அபிப்பிராயத்தில், அங்குலங்கள் அல்ல. ஜன்னலோரம் இரண்டு இரண்டாய் அமைந்திருக்கும் ஜோடி ஆசனங்களே. எக்கொனமியில் மும்மூன்றாய் இருக்கும் வரிசையில் மனைவியை ஜன்னலோரம் இருத்தி, அந்நியருக்கும் அவளுக்கும் நடுவே மதில்போல நான் அமர்ந்து, இருபுறத்துக் கைதாங்கிகளிலும் உரிமையின்றி இரவைக் கழிப்பேன். அவள் எழுந்து போக விரும்பும்போதெல்லாம் உறங்கும் ஒரு வெள்ளைக்காரரை எழுப்ப வேண்டும் என்ற கூச்சத்தில், தண்ணீரே குடிக்காமல் வருவாள். ஜோடி ஆசனத்தில் மூன்றாமவர் இல்லை. எழுப்பவேண்டியவன் நான் ஒருவன்தான். என்னை எழுப்புவதில் அவளுக்குக் கூச்சம் ஒருபோதும் இருந்ததில்லை. முதல் வரிசையில் கால் நீட்ட இடம் அதிகம் என்பது மெய். ஆனால் சாப்பாட்டுத் தட்டு கைதாங்கிக்குள் மடக்கி வைக்கப்படுவதால் ஆசனம் சிறிது ஒடுங்கும், கைப்பையைக் காலடியில் வைக்க விடமாட்டார்கள், குழந்தைத் தொட்டில் மாட்டும் இடமும் பெரும்பாலும் அதுவே. மருந்துப் பையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க விரும்பும் எங்களைப் போன்றோர்க்கு இரண்டாம் மூன்றாம் வரிசைகளே உசிதம்.

அடுத்து வந்தது வழி. கொழும்பிலிருந்து லண்டனுக்கு ஸ்ரீலங்கன் நேரே போகிறது. ஏறத்தாழ பதினொரு மணி நேரம், இடையில் இறங்கவேண்டியதில்லை, ஆனால் எக்கொனமி. துபாய் வழியாகப் போனால் நாலரை மணி நேரத் துண்டு ஒன்றும், ஏழு மணி நேரத்துக்கு மேற்பட்ட துண்டு ஒன்றும். இரண்டாவதில் பிரீமியம் கிடைக்கும். மனம் நேர்வழியை நாடியது, முழங்கால் துபாயை நாடியது. நடுவில் இறங்கி நடப்பதே அந்த அறிக்கை கேட்கும் மருந்துதானே என்று முழங்காலின் பக்கம் தீர்ப்புச் சொன்னேன். குறுகிய முதல் துண்டுக்கு மேல்வகுப்பு அநாவசியம். காசை நீண்ட துண்டில் போடுவதே விவேகம் என்றும் மகனிடம் சொன்னேன். டிக்கட்டில் எழுதப்பட்டிருக்கும் வகுப்பு எல்லாத் துண்டுக்கும் பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாய்ப் பார்க்கவேண்டும். ஒரு துண்டில் அந்த வகுப்பே இல்லாத விமானம் வந்தால், பெயருக்குப் பிரீமியமும் இருப்புக்கு எக்கொனமியுமாய் முடியும்.

இத்தனை நியாயங்களையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் கவிழ்த்தாள்: "இந்தச் சல்லியில உம்ராவே செஞ்சிட்டு வரலாமே." வீண்விரயம் செய்வோர் ஷைத்தானின் சகோதரர் என்று கேட்டு வளர்ந்த வீட்டில் இதற்குப் பதில் சொல்வது சுலபமன்று. ஜித்தா போகும் விமானத்தில், யலம்லம் எல்லையைக் கடக்குமுன் எல்லா ஆண்களும் ஒரே மாதிரியான தையலற்ற இரண்டு வெண்துணிகளுக்குள் புகுந்துவிட்ட பின்பும், சிலர் பிஸ்னஸ் வகுப்பில் சாய்ந்தும் சிலர் பின்வரிசையில் மடங்கியும் போவதைக் கண்டவள் அவள்; இஹ்ராமிலும் வகுப்பா என்று அப்போதே என்னிடம் கேட்டவள். என்னிடம் அன்றும் பதில் இருக்கவில்லை. பதில் மகனிடமிருந்து வந்தது: "உம்மா, காசி என்ட, முழங்கால் உங்கட. நீங்க நொண்டி நொண்டி வந்து இறங்கினா ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போகணும்." மார்க்கச் சட்டத்தில் இதற்கு என்ன இடமோ அறியேன், தாயின் மனத்தில் இதற்கு இடமிருந்தது. போகும்போது மட்டும் என்று அவள் இறங்கிவந்தாள்; மிஞ்சும் சல்லியை உம்ராக் கணக்கில் போடவேண்டும் என்பது நிபந்தனை. திரும்பி வருவது எக்கொனமியில்.

ஆசனம் பதியும்போது மட்டும் ஒரு சிறு தகராறு. நான் சொன்ன இரண்டாம் வரிசை அவளுக்குச் சம்மதமில்லை. தொட்டில் மாட்டும் முதல் வரிசைதான் வேண்டுமாம். குழந்தைகள் இரவெல்லாம் அழுமே என்றேன். "அழுதா தூக்கி வெச்சிருக்கலாம், இல்லாட்டி அந்த ஏழு மணித்தியாலமும் நான் ஆரோட பேசுற?" என்றாள். மகன் முதல் வரிசையிலேயே பதிந்துவிட்டான்.