சங்கிலியும் சதுர உளியும்

இராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில் நமக்கு நெடுநாள் பழக்கமான ஆசாரி ஒருவர் இருக்கிறார். மரத்தில் துளை வெட்டும் இயந்திரம் வாங்கப்போவதாகச் சொல்லி, ஆங்கிலத்தில் அச்சிட்ட இரண்டு விலைப்பட்டியல்களை நம்மிடம் தந்தார். தமிழ் வாத்தியாரிடம் இயந்திர யோசனை கேட்பது வேடிக்கைதான். ஆனால் கடன் வேடிக்கையன்று; குடியிருக்கும் வீட்டை அல்லவா ஈடு வைக்கிறார்!

ஒன்று செயின் மார்டைசர். பற்கள் வைத்த சங்கிலி ஒரு தகட்டைச் சுற்றி ஓடியபடியே மரத்துக்குள் இறங்கும். மற்றொன்று சதுர உளி. உள்ளே சுழலும் துரப்பணம் மரத்தைக் குடைய, அதைச் சுற்றியுள்ள நான்முக உளி மூலைகளைச் சீவிவிடும். முன்னது வேகம்; நீண்ட துளையைச் சில அமுக்கில் முடிக்கும். ஆனால் தகட்டின் நுனி வளைவாக இருப்பதால் துளையின் அடியும் வளைந்தே நிற்கும். சங்கிலி மேலேறி வரும் பக்கத்தில் மரம் பிய்வதும் உண்டு. அங்கே கட்டையொன்றை அண்டக்கொடுக்க வேண்டும்.

"அடி வளைஞ்சா என்னங்க சார், நிலைக்கு மறுபக்கம் தொளைச்சுக்கிட்டுப் போயிருமே" என்றார் ஆசாரி. பட்டியலில் இல்லாத விடை இது. வேப்பமரத்து நிலையில் மேல்கட்டைக்கும் அடிக்கட்டைக்கும் ஊடுருவிச் செல்லும் துளைகளே வெட்டப்படுகின்றன. அடி என்ற ஒன்றே அங்கில்லை. கதவுச் சட்டத்தின் கதை வேறு. ஒன்றரை அங்குலத் தடிமனில் மூன்றிலொரு பங்கு, அதாவது அரை அங்குலத் துளை. அதுவும் பாதியில் நிற்க வேண்டியது. அங்கே சதுர உளியே பொருந்தும். சங்கிலியின் அகலத்தைவிடக் குறுகிய துளையை அந்தச் சங்கிலியால் வெட்டவே முடியாது.

எனவே எது நல்ல இயந்திரம் என்று கேட்பதில் பயனில்லை. எந்த வேலை வருகிறது என்றே கேட்க வேண்டும். ஆசாரி தம் கணக்கு நோட்டைப் புரட்டினார். கதவுகளை இப்போது பலரும் ஆயத்தமாகவே கடையில் வாங்கிவிடுகிறார்கள். நிலை மட்டும் இன்னும் அவரிடம் வருகிறது.

நமக்கு நினைவு வந்தது புறநானூற்றின் 87ஆம் பாட்டு. நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன் ஒரு மாதம் கருதிச் செய்த ஒற்றைச் சக்கரத்துக்கு அதியமானை ஒப்பிடுகிறார் ஔவையார். அவனது தகடூர் இன்றைய தருமபுரி. 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த ஊர். அந்தத் தச்சனுக்கு வேகமும் தெரியும், எங்கே வேகம் கூடாது என்பதும் தெரியும். உரையாசிரியர்களைவிட நம் ஆசாரிக்கு அது எளிதில் விளங்கியிருக்கும் என்றே தோன்றுகிறது.

அவர் சங்கிலியையே தேர்ந்தார். தம்மிடமுள்ள ஒரு அங்குல உளிக்கு மிக நெருங்கிய அகலத்தில் சங்கிலி கிடைக்குமா என்று மட்டும் விசாரித்து எழுதச் சொன்னார். மின்சாரம் நின்றுபோனால் மீதித் துளையைக் கையால் கொத்தி முடிக்க வேண்டுமாம்.