பெண்ணையாற்றில் ஒரு பாறை

“கள்ளக்குறிச்சியில் பார்க்க என்ன இருக்கிறது?” என்று கேட்டார் மனைவி. “கபிலர் இருக்கிறார்” என்றேன். சிரித்துக்கொண்டே பையை எடுத்துக் கொடுத்தார். பையில் குறிஞ்சிப்பாட்டும், நான்கு வருடங்களுக்கு முன் மறைந்த நண்பனின் கவிதை நோட்டும் இருந்தன. மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடி, “புத்தகமா போட்டுடுடா” என்று அவன் கொடுத்த நோட்டு அது.

முதல் நாள் கல்வராயன் மலை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்தபடி மலை ஏறினால் வெள்ளிமலை போகும் வழியில் பெரியார் அருவி. நல்ல மழைக்குப் பின் போனதால் தண்ணீர் நிறைய இருந்தது. நனையாத ஒரு கல்லில் உட்கார்ந்து குறிஞ்சிப்பாட்டைப் பிரித்தேன். மொத்தம் 261 அடிகள். தினைப்புனம் காக்கும் பெண்கள் அருவியில் ஆடி, பூப்பறித்துப் பாறையில் குவிக்கிறார்கள். அங்கே 99 பூக்களின் பெயர்களை அடுக்குகிறார் கபிலர். கல்லூரி நாட்களில் எனக்கு அது வெறும் மனப்பாடச் சுமை.

விறகுக் கட்டோடு வந்த ஒரு மலைவாழ் மூதாட்டியிடம், வேலியில் படர்ந்திருந்த சிவப்பும் மஞ்சளுமான பூவைக் காட்டி, “இது என்ன பூ பாட்டி?” என்று கேட்டேன்.

“கண்வலிக்கிழங்குப் பூ. ஏன் சாமி, பேரு தெரியாமலா இத்தனை நேரம் பாத்துக்கிட்டு இருந்தீங்க?”

கண்வலிக்கிழங்கு என்றால் செங்காந்தள். கபிலரின் பட்டியலில் முதல் பூவே அதுதான். ‘காந்தள் விரல்’ என்று எத்தனை கவிதைகளில் எழுதியிருப்பேன்! எதிரே பூத்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

மறுநாள் திருக்கோவிலூர். தென்பெண்ணையாற்றில் தனியாக நிற்கும் பாறையைக் கபிலர் குன்று என்கிறார்கள். உச்சியில் சின்னஞ்சிறு செங்கல் கோயில். மூவேந்தரால் பாரி மாண்டபின், அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் ஊர் ஊராக நடந்தார். விச்சிக்கோனும் இருங்கோவேளும் மணக்க மறுத்தார்கள். பெண்ணை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது இவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள ராஜராஜ சோழன் காலக் கல்வெட்டு. புறநானூற்றுக் குறிப்போ, பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்தார் என்கிறது. முடிவு எதுவானாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் பெண்களுக்கு ஒரு வழி, பிறகுதான் தன் சாவு.

பாறையைப் பார்த்துக்கொண்டே கரையில் நின்றேன். நண்பன் போனபோது நானும் ஓர் இரங்கல் கவிதை எழுதினேன். படித்தவர்கள் எல்லோரும் கண் கலங்கியதாகச் சொன்னார்கள். அந்தப் பாராட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, அவன் நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டியவனும் நான்தான். பிழைதிருத்த நேரமில்லை, பதிப்பகம் அமையவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் ஏராளம். பாடுவதோடு நின்றிருந்தால் கபிலருக்கும் எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

திரும்பும் பேருந்தில் நோட்டைப் பிரித்து எண்ணினேன். 62 கவிதைகள். அவன் மகளுக்குப் போன் செய்தேன்.

“மாமா, அப்பா நோட்டு இன்னும் உங்ககிட்ட இருக்கா?” என்றுதான் முதலில் கேட்டாள்.

“இருக்கும்மா. தை மாசம் புத்தகமா வரும்” என்றேன்.

நான்கு வருடங்களில் முதல்முறையாக ஒரு மாதத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.